ஒரே ஊரில் விழுந்த துக்கமும் கடல் தாண்டிப் போன துக்கமும்

"டேங்க் காலியாத்தானே அண்ணே இருக்கு? அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம்?"

போன மாதம் காலை ஏழரை மணி டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலை தொடங்குமுன் கூடும் பாதுகாப்புக் கூட்டத்தில், ஒரு தம்பி இப்படிக் கேட்டார். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் தொழில் டெஸ்ட் அடித்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, சிங்கப்பூரின் துவாசுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வெல்டிங்கில் கை நல்ல சுத்தம். ஆனால் கேஸ் செக் முடிந்து, வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து விழுந்து, டேங்குக்குள் இறங்கும் மேன்ஹோல் பக்கத்தில் உள்ளே இருப்பவரைக் கவனிக்கும் வாட்ச்மேன் வந்து உட்காரும்வரை டார்ச்சைத் தொடக்கூடாது என்பது அவருக்குப் பெரிய தொல்லையாக இருக்கிறது. கப்பல் பட்டறையில் சேஃப்டி வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. இருபது வருடமாக யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்.

அன்று அவரிடம் இரண்டு நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தப் பதில் இரண்டு அக்டோபர் மாதங்களைத் தொட்டுப் போகிறது. ஒன்று சிங்கப்பூரில் 1978இல் வந்தது. மற்றது வேல்ஸ் நாட்டு நிலக்கரிக் கிராமம் ஒன்றில் 1966இல் வந்தது. சுரங்கத்துக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நிலக்கரி என்றால் நம் ஆட்களுக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அங்கே எடுப்பது பழுப்பு நிலக்கரி, அதுவும் வானம் பார்த்த திறந்தவெளிச் சுரங்கத்தில். பூமிக்கு அடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி, இருட்டில், காற்றுக்கே விசிறி வைத்து வேலை செய்யும் சுரங்கம் வேறு உலகம். ஆனால் எண்ணெய்க் கப்பலின் டேங்குக்குள் ஒருமுறை இறங்கியவருக்கு அந்த உலகம் சட்டென்று புரிந்துவிடும்.

முதலில் காலி டேங்க் விஷயம். எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு ஓர் அளவில் கலந்தால்தான் பற்றும். ஆவி மிகக் குறைவாக இருந்தால் பற்றாது, மிக அதிகமாக இருந்தாலும் காற்று போதாமல் பற்றாது. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதுதான் ஆளைக் கொல்லும். முழுக்க நிரம்பிய டேங்கில் ஆவி சேர இடமில்லை. காலி செய்த டேங்கில் அடியில் கொஞ்சம் கசடு, சுவரில் ஒட்டிய படலம், மீதி எல்லாம் காற்று. அந்த இடைவெளிக்குள் போய் நிற்க இதைவிட வசதி வேண்டாம். நிலக்கரிச் சுரங்கத்தில் பாறை இடுக்கிலிருந்து கசியும் மீத்தேனுக்கும் இதே கணக்குதான். காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம்வரை இருந்தால் ஒரு பொறி போதும்.

1978 அக்டோபர் 12, வியாழக்கிழமை. ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பியிருந்தார்கள். இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் கிட்டத்தட்ட 150 பேர் வேலையில் இருந்தார்கள். இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், பின்பக்கம் வலதுபுறம் இருந்த எரிபொருள் டேங்க் வெடித்தது. டேங்கின் சுவர் கிழிந்து, எரியும் எண்ணெய் ஆட்கள் நிறைந்த அறைகளுக்குள் பாய்ந்தது. 76 பேர் இறந்தார்கள். 69 பேர் காயமடைந்தார்கள். போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் இவ்வளவு பேரைக் கொண்டுபோன தொழில் விபத்து இன்றுவரை வேறில்லை.

விசாரணைக் குழு கண்டுபிடித்ததை நான் புது ஆட்களுக்குச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் நிறுத்திச் சொல்வேன். கப்பல் தன் கொதிகலனுக்கு எரிக்கும் கனத்த எண்ணெய் சாதாரணமாக அவ்வளவு சுலபத்தில் பற்றாது. நன்றாகச் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியே வரும். ஆனால் ஸ்பைரோசின் அந்த டேங்கில் இருந்த எண்ணெயோடு கச்சா எண்ணெய் கலந்திருந்தது. கச்சா எண்ணெய் சாதாரண வெப்பத்திலேயே ஆவியை விடும். ஆக, "இது பற்றாத எண்ணெய்" என்று எல்லாரும் நம்பிய டேங்குக்குள் பற்றும் ஆவி நிறைந்து நின்றது. வெட்டும் டார்ச்சின் பொறி அதில் விழுந்தது. டேங்கில் எரிவாயு இல்லை என்று சோதித்துச் சான்று வாங்காமலே தீ வேலை, அதாவது வெட்டுவது, வெல்டிங் அடிப்பது போன்ற வேலை, நடந்திருந்தது.

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் இதுதான். டேங்கில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம். மீட்டரை இறக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நான்கு வாயுக்களைக் காட்டும் சின்ன மீட்டர் அது, உள்ளங்கை அளவு. ஆக்சிஜன் 20.9 என்று காட்டினால் நல்ல காற்று. 19.5க்குக் கீழே போனால் உள்ளே இறங்கக்கூடாது. பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய மூன்றும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். குழாயை மேலே, நடுவே, அடியே என்று மூன்று மட்டத்தில் இறக்கிப் பார்ப்போம், ஏனென்றால் எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த மீட்டரின் பூர்வீகம் நிலக்கரிச் சுரங்கம்தான். 1815இல் ஹம்ஃப்ரி டேவி, விளக்குச் சுடரைக் கம்பி வலைக்குள் அடைத்துச் சுரங்கத்துக்கு ஒரு விளக்கு செய்தார். மீத்தேன் சேர்ந்தால் சுடரின் தலையில் நீல நிறம் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு கேனரி என்ற மஞ்சள் குருவியைக் கூண்டில் கொண்டு போனார்கள். ஆளுக்கு மயக்கம் வருமுன் குருவி விழுந்துவிடும். பிரிட்டனில் 1986இல்தான் குருவியை விட்டு மின்னணுக் கருவிக்கு மாறினார்கள்.

மேன்ஹோல் வாசலில் தொங்கும் டேக் போர்டும் சுரங்கத்துப் பழக்கத்தைப் போன்றதுதான். உள்ளே இறங்குபவர் தன் டேக்கைப் போர்டில் மாட்டுகிறார், ஏறி வரும்போது எடுத்துக்கொள்கிறார். சுரங்கத் தொழிலாளி விளக்கு அறையில் பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்து விளக்கு வாங்குவார். மாலையில் திரும்பாத விளக்குகளின் எண்களைப் பார்த்துத்தான் கீழே மாட்டிக்கொண்டவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்வார்கள்.

தூசி என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸின் செங்கெனித் கிராமத்துச் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்தது. முதல் வெடிப்பு தரையில் படிந்திருந்த கரித்தூளைக் கிளப்பிவிட்டது, அந்தத் தூள் மேகம் பற்றி அடுத்த வெடிப்பு, அது இன்னும் தூளைக் கிளப்பி அதற்கடுத்தது. 439 சுரங்கத் தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். இறந்தவர்களில் 14 வயதுப் பையன்களும் உண்டு. அதே சுரங்கத்தில் 12 ஆண்டு முன்பு, 1901இல், 81 பேர் இறந்திருந்தார்கள். வழக்கு முடிந்தபோது சுரங்க மேலாளருக்கு 24 பவுண்டு அபராதம், நிறுவனத்துக்கு 10 பவுண்டு.

நூறு வருடக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2021 பிப்ரவரி 24 அன்று துவாசில் ஒரு தொழிற்கூடத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே கரித்தூளுக்குப் பதில் உருளைக்கிழங்கு மாவு. மாவு கலக்கும் இயந்திரத்தின் எண்ணெய் உறை சூடேறி வெடித்தது, கிளம்பிய மாவுத் தூள் பற்றி மேலும் தீப்பிழம்பு எழுந்தது. மூன்று வெளிநாட்டு ஊழியர்கள் இறந்தார்கள். ஒருவர் இந்தியாவிலிருந்து வந்தவர், இருவர் பங்ளாதேஷிலிருந்து. தோசைக்குக் கூடப் போடாத மாவு ஆளைக் கொல்லும் என்று யார் நினைப்பார்கள்?

இதுவரை சொன்னது விபத்து எப்படி நடக்கிறது என்பது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடப்பது. அதற்கு, முதலில் சொன்ன 1966ஆம் ஆண்டு வேல்ஸ் கிராமமான அபர்வானுக்குப் போக வேண்டும்.

அபர்வானில் சுரங்கத்துக்குள் எதுவும் வெடிக்கவில்லை. சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லும் சேறும் கழிவுமாகக் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் மேடு மேடாகக் கொட்டி வைத்திருந்தார்கள். ஏழாவது மேட்டை ஓர் ஊற்றின்மேல் கொட்டியிருந்தார்கள். அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. 1963இலேயே உள்ளூர் நகராட்சிப் பொறியாளர் ஒருவர், அந்த ஊர்ப் பான்ட்கிளாஸ் பள்ளிகளுக்குப் பின்னால் கொட்டும் சேற்றால் ஆபத்து என்று தலைப்பே போட்டுக் கடிதம் எழுதினார். கொட்டுவது நிற்கவில்லை.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அன்றோடு பள்ளிக்கு அரைப்பருவ விடுமுறை. காலை ஒன்பது மணி தாண்டிப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த நேரம், மழையில் ஊறிய மேடு கூழாகிச் சரிந்து இறங்கியது. வழியில் வீடுகளை அடித்துக்கொண்டு வந்து தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். சுரங்கத்தில் வேலையில் இருந்த அப்பாக்கள் மேலே ஏறி ஓடி வந்து தங்கள் பிள்ளைகளைத் தாங்களே தோண்டினார்கள். நிலத்தடியில் தோண்டுவதுதானே அவர்கள் தொழில். இந்த வரியை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? விசாரணைத் தீர்ப்பாயம் 76 நாட்கள் அமர்ந்து, பழி முழுவதும் சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான தேசிய நிலக்கரி வாரியத்தின்மேல்தான் என்று சொன்னது. ஆனால் ஒருவர்மீதும் வழக்கில்லை, ஒருவரும் வேலை இழக்கவில்லை. மீதிக் கழிவு மேடுகள் கிராமத்துக்கு மேலேயே நின்றன. அவற்றால் ஆபத்தில்லை என்றது அரசாங்கம். பிள்ளையை அந்தச் சேற்றில் பறிகொடுத்தவர்கள் தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதே சேறு தலைக்கு மேலே தெரியும். கிராமத்து மக்கள் அந்தச் சேற்றைப் பைகளில் அள்ளிக்கொண்டு போய் கார்டிஃபில் வேல்ஸ் அரசு அலுவலகத்திலேயே கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மேடுகளை அகற்றச் சம்மதம் வந்தது. அதிலும் ஒரு கொடுமை. உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய நிவாரண நிதி 1.75 மில்லியன் பவுண்டு இருந்தது. அகற்றும் செலவுக்கு அதிலிருந்தே 150,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். செத்த பிள்ளைகளின் பெயரில் வந்த பணம், கொன்ற குப்பையை அள்ளுவதற்குப் போனது.

அந்தப் பணத்தை அபர்வான் விடவே இல்லை. 31 ஆண்டு கழித்து 1997இல் அரசாங்கம் அந்த 150,000 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது. வட்டி கிடையாது. அதன் பிறகும் கேட்டார்கள். 2007இல் வேல்ஸ் அரசு இன்னும் ஒன்றரை மில்லியன் பவுண்டு கொடுத்தது. கழிவு மேடுகளுக்கென்றே 1969இல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது.

காயம் ஆறியதா என்றால், இல்லை. விபத்து நடந்து 33 ஆண்டு கழித்து, பள்ளியிலிருந்து தப்பிய 41 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. 29 சதவீதம் பேருக்கு அப்போதும் இருந்தது. தப்பிய பிள்ளைகள் தெருவில் விளையாடவே கூசினார்கள். தங்களைப் பார்த்தால் பிள்ளையை இழந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்ன தோன்றும் என்ற எண்ணம் அவர்களுக்கு. பத்து வயதில் அந்த எண்ணம்! இன்னொரு பக்கம், துக்கத்தில் இருந்த பெண்கள் கூடிப் பேச ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அது கூடிக்கொண்டிருந்தது. இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் மலைச்சரிவில் வெள்ளை வளைவுகளாக வரிசையாக நிற்கின்றன. பள்ளி இருந்த இடத்தில் தோட்டம். சுரங்கம் 1989இல் மூடப்பட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். அபர்வானில் துக்கம் ஒரே தெருவில் விழுந்தது. அது அவர்களை உருக்குலைத்தது, உண்மைதான். ஆனால் துக்கப்பட்டவர்கள் பக்கத்து பக்கத்து வீட்டில் இருந்ததால்தான் பையில் சேற்றைக் கட்டிக்கொண்டு ஒன்றாகப் போக முடிந்தது. முப்பது வருடம் ஒரு கணக்கை மறக்காமல் இருக்க முடிந்தது. கேட்பதற்கு ஓர் ஊர் இருந்தது.

சிங்கப்பூருக்கு வருவோம். ஸ்பைரோசில் இறந்த 76 பேர் ஓர் ஊர்க்காரர்கள் இல்லை. பட்டறை இங்கே, வீடு வேறெங்கோ, உறவு இன்னும் எங்கெங்கோ. இந்த நாடு அதை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விசாரணைக் குழு அமைந்தது, அறிக்கை வந்தது. எரிவாயுச் சோதனை இல்லாமல் தீ வேலை இல்லை என்ற விதி இன்று என் கையில் பெர்மிட்டாக வந்து நிற்பதற்கு அந்த 76 உயிர்களும் ஒரு காரணம். ஆனால் ஜூரோங்கிலும் துவாசிலும் நான் பேசும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஸ்பைரோஸ் என்ற பெயரைக் கேட்டதே இல்லை. சட்டத்தில் நிற்கிறது, நினைவில் இல்லை.

நினைவு போனால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சாட்சி. ஏப்ரல் 20 அன்று வட்டப்பாதை ரயில் சுரங்க வேலையில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து விழுந்தது, நால்வர் இறந்தார்கள். அதில் மற்றவர்களை வெளியேற்ற நின்ற மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. தேடுதலே புதிய ஆபத்தாகிவிடும் என்ற நிலையில் நிறுத்தினார்கள். ரயில் நிலையத்தை நூறு மீட்டர் தள்ளிக் கட்டினார்கள். ஒன்பது நாள் கழித்து ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத்தில் இரும்புக் கூடு சரிந்து இருவர். மே 29 அன்று துவாசில் 'அல்முதைனா' என்ற எண்ணெய்க் கப்பலில் தீ, ஏழு பேர். ஸ்பைரோசுக்கு 26 ஆண்டு கழித்து, மறுபடியும் பட்டறையில், மறுபடியும் எண்ணெய்க் கப்பல்.

அந்த மூன்றும் சேர்ந்து 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தன. விபத்து நடந்தபின் தண்டிப்பதோடு நிற்காமல், ஆபத்தை உண்டாக்கினாலே குற்றம் என்று பிடிக்கும் சட்டம் அது. பலன் இருக்கிறது. 2004இல் 100,000 ஊழியர்களுக்கு 4.9 பேர் என்றிருந்த வேலையிட மரண விகிதம் 2023இல் 0.99க்கு வந்தது, 36 பேர். அதற்கு முந்தின ஆண்டு மொத்தம் 46 பேர் இறந்தார்கள், மரணங்கள் கூடியதால் மனிதவள அமைச்சு 2022 செப்டம்பரிலிருந்து 2023 மே வரை உயர் பாதுகாப்புக் காலம் என்று அறிவித்துக் கெடுபிடி செய்தது, அந்தக் காலத்தில் எங்கள் வேலை மூன்று மடங்கானது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 2024இல் எண்ணிக்கை மறுபடி 43.

சரி, இந்த நாற்பத்துச் சொச்சம் பேர் யார்? கட்டுமானத்திலும் பட்டறையிலும் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் நம் ஆட்கள் சிவகங்கை, ராமநாதபுரம், தஞ்சாவூர், கடலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருப்பவர்கள். ஒருவர் இறந்தால் இழவு விழுவது துவாசில் இல்லை. அங்கே ஏதோ ஒரு கிராமத்தில், ஒற்றை வீட்டில். அடுத்த மரணம் நடக்கும்போது அது வேறு மாவட்டத்தில், இன்னொரு ஒற்றை வீட்டில். அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை. வாரந்தோறும் கூட ஒரு சங்கம் இல்லை. பையில் அள்ளிக்கொண்டு போகச் சேறும் இல்லை, கொட்டுவதற்கு அலுவலகமும் கையெட்டும் தூரத்தில் இல்லை.

பணம் போகிறது, அதை மறைக்கக்கூடாது. வேலையில் இறந்தால் யார் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து மரணத்துக்குக் குறைந்தது 91,000 சிங்கப்பூர் வெள்ளி, அதிகபட்சம் 269,000 வெள்ளி. உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் முதலாளியுடையது. கடன் வாங்கி வந்தவரின் குடும்பத்துக்கு இந்தத் தொகை பெரிய தாங்கல். ஆனால் அபர்வான்காரர்கள் கேட்டது பணத்தை மட்டும் இல்லையே. என்ன நடந்தது, யார் விட்டார்கள், இனி நடக்காமல் என்ன செய்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நம் கிராமத்து அம்மா யாரிடம், எந்த மொழியில் போய்க் கேட்பார்?

இங்கே இருப்பவர்களில் அந்தத் துக்கத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் அறைத்தோழர்கள்தான். பகலில் பக்கத்து டேங்கில் வேலை, இரவில் மேல்கட்டில் கீழ்கட்டில். மரணத்துக்கு மறுநாளும் லாரி வரும், இவர்களும் ஏறிப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நான்கு பேர் கூடி ஊருக்கு ஏதாவது சேர்த்து அனுப்புவார்கள். இந்த நாட்டில் வேலை செய்யும் அனுமதி முடிந்து ஆளாளுக்கு ஊர் திரும்பினால் அந்த நினைவும் அவர்களோடு போய்விடும். புதிதாக வந்து அந்தக் கட்டிலில் படுக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டறைத் தமிழர்களிடையே ஸ்பைரோஸ் மறந்துபோனதற்கு நான் கண்ட காரணம் இதுதான். யாருக்கும் அக்கறை இல்லாமல் போகவில்லை. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், எங்களோடு இருந்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். அவர் பெட்டியைக் கட்டும் வேலை எனக்கும் இன்னும் இருவருக்கும் வந்தது. டார்மிட்டரியில் கட்டிலுக்கு அடியில் பெட்டி பாதி கட்டியே இருந்தது, ஏனென்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போக இருந்தார். கோடாலித் தைலம் ஒரு டஜன், முஸ்தபா கடையில் வாங்கிய சாக்லேட் பாக்கெட்டுகள், ஒரு டார்ச் லைட், மனைவிக்குச் சேலை இரண்டு, நடந்தால் விளக்கு எரியும் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. பெட்டியை மூடும்போது செருப்பு எங்கேயோ அழுந்தி அதன் விளக்கு உள்ளே மினுங்கிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அது அணையும்வரை காத்திருந்தோம். அப்புறம்தான் கயிறு போட்டோம்.

உடல் ஊருக்குப் போய்க் காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அவர் மனைவி போனில் கூப்பிட்டார். இழப்பீட்டுக் காகிதம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அது தம்பி பார்த்துக்கொள்கிறானாம்.

"அண்ணே, அவரு வேல பாத்த எடத்த நான் பாத்ததே இல்ல. ஒரு போட்டோ மட்டும் அனுப்புறீங்களா?"

பட்டறைக்குள் போட்டோ எடுக்க அனுமதி கிடையாது. வேலை முடிந்து வெளியே வந்து, எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில் நின்று எடுத்தேன். வேலி, அதற்குள் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதற்கும் பின்னால் கிரேனின் தலை கொஞ்சம். அவ்வளவுதான் தெரிந்தது. அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குழந்தை ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

"அந்த மரத்துக்கு அந்தப் பக்கமாண்ணே?"